குரோமியம் போன வழி

தாம்பரத்தில் ஏறினால் சானடோரியம், அடுத்தது குரோம்பேட்டை. காலை நேர மின்சார ரயிலில் இந்த இரண்டு நிறுத்தங்களைக் கடப்பதற்குள் சட்டை கசங்கிவிடும். கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். அதற்கு முன்பே இங்கே தொழிற்சாலை வந்துவிட்டது. ஊருக்குப் பெயர் கொடுத்த குரோம் லெதர் கம்பெனியை 1910களில் தொடங்கியவர் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். கம்பெனி இன்று இல்லை. பெயர் ரயில் நிலையப் பலகையில் நிலைத்துவிட்டது. அந்தத் தொழிலின் உலோகமோ சுற்றுவட்டாரத்து மண்ணில் தங்கிவிட்டது.

அந்த உலோகம் போன வழியிலேயே நாமும் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியதற்குக் காரணம் ஓர் ஆய்வுக் கட்டுரை. 2018இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்தது. எழுதியவர்கள் எம்.ஐ.டி.யின் ஆலன் ஹாட்டன், அவரிடம் பயின்ற ஷியாவ் சூ ஆகியோரின் குழுவினர். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் இருக்கும் எம்.ஐ.டி. மின்னழுத்தம் கொடுத்தால் தண்ணீரிலிருந்து குரோமியத்தைப் பிடித்துக்கொள்கிற, அழுத்தத்தைத் திருப்பினால் விட்டுவிடுகிற ஒரு பாலிமர் மின்முனையை அவர்கள் செய்திருந்தார்கள். படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது குரோம்பேட்டையை ஒட்டி, தோல் பதனிடும் கூடங்கள் இருக்கும் நாகல்கேணிதான். அப்படியொரு மின்முனை நம் ஊருக்கு வந்தால் அதை எந்த இடத்தில் வைப்பது? தோல் பதனிடும் டிரம்மின் அடியிலா, சுத்திகரிப்பு நிலையத்திலா, கிணற்றிலா, ஆற்றிலா? இடத்தைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

சென்னைக்குக் குரோம் தோல் வந்த கதை கிணற்றோரம் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. சென்னை கலைக்கல்லூரியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த ஆல்பிரெட் சாட்டர்டன் என்ற பொறியாளர்தான் 1903 வாக்கில் இங்கே குரோம் பதனிடும் சோதனைகளிலும் இறங்கினார். அப்போது வயல்களுக்குத் தண்ணீர் கவலையில் இறைக்கப்பட்டது. மாடுகள் இழுக்கும் கவலையின் சாலும் அதன் வாலும் தோலால் ஆனவை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் எந்நேரமும் நனைந்துகொண்டே இருந்தால் சீக்கிரம் இற்றுப்போகும். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் தண்ணீரைத் தாங்கும். ஆகவே சாட்டர்டன் கண்முன் இருந்த பயன்களில் ஒன்று கவலைச் சால். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க உதவுவதற்காக வந்த வேதிப்பொருள் பிற்காலத்தில் கிணறுகளுக்கே வினையாக வந்து சேர்ந்தது.

குரோம்பேட்டையில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் மேற்கே திருநீர்மலைச் சாலை பிரிகிறது. முனையில் ஷேர் ஆட்டோக்காரர்கள் “நாகல்கேணி, பம்மல், திருநீர்மலை” என்று ஒரே மூச்சில் கூவுகிறார்கள். பின்சீட்டில் நால்வருக்கு நடுவில் செருகிக்கொண்டேன். ஜவுளிக்கடை, அடகுக்கடை, பிரியாணிக்கடை என்று வரிசையாக ஓடிய சாலை கொஞ்ச தூரத்தில் முகம் மாறியது. வாசனைதான் முதலில் மாறியது. சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த நெடி. அழுகின முட்டை என்று சிலர் சொல்வார்கள். அங்கேயே குடியிருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பதில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் ஐஸ் சாப்பிட்டபடி அதைக் கடந்து போனார்கள்.

ஒரு குட்டி யானை வண்டி முன்னால் நின்றிருந்தது. அதன் மேல் அடுக்கடுக்காக வெளிர்நீலத் தோல்கள். தொழிலில் இதற்கு ‘வெட் புளூ’ என்று பேர். குரோம் ஏறிய தோலின் நிறம் அது. இனி அழுகாது, சுருங்காது. அடுக்கின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டி, தார்ச்சாலையில் நீலம் கலந்த ஒரு கோடு போட்டிருந்தது. கையுறை இல்லாத ஒருவர் ஒவ்வொரு தோலாக மடித்து எண்ணிக்கொண்டிருந்தார். அவர் விரல்நகங்களிலும் அதே நீலம்.

பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தோல் ஷாப் என்று இங்கே சொல்லும் பதனிடும் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்ந்தவர். வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து அவர் அப்பா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட குடும்பம். இந்தத் தொழிலின் ஈர வேலை முழுவதும் தலித் மக்களின் தோள்மேல்தான் நடந்தது என்பதை அவர் பெருமையும் கசப்பும் கலந்து சொன்னார். டீ வந்ததும் வேலையை விளக்கத் தொடங்கினார்.

“பச்சத் தோலு உப்புப் போட்டு வரும் தம்பி. மொதல்ல ஊறவச்சு உப்ப எடுக்கணும். அப்புறம் சுண்ணாம்பு, சல்பைடு. மயிரு உதிரும். சதைய வழிச்சு, மறுபடி கழுவி, ஆசிட்டும் உப்பும் போட்ட தண்ணியில உருட்டி, அப்புறந்தான் குரோம். டிரம்முல போட்டு சுத்த விட்டா வெட்டிப் பாக்கும்போது உள்ளாற வரைக்கும் நீலமா இருக்கணும்.”

“எல்லாக் குரோமும் தோலுக்குள்ள ஏறிடுமா ஐயா?”

“எங்க ஏறும்? மிச்சத் தண்ணி கரும்பச்சையா நிக்கும். அப்போல்லாம் அப்படியே வாய்க்கால்ல தொறந்து வுட்டுருவாங்க. அந்தக் குரோம் மூட்டைக்கும் காசு குடுத்துத்தானே வாங்கினாங்க. அது யாருக்கும் தோணல.”

அவர் சொன்னது முழுக் கணக்கு. பேசிக் குரோமியம் சல்பேட் என்ற உப்பைத் தோலின் எடையில் சுமார் 8 சதவீதம் போடுவது வழக்கமான முறை. போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம்தான் தோல் பிடிக்கும். மீதி, டிரம்மில் மிஞ்சும் கரைசலில் நிற்கும். அதில் லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் வரை குரோமியம் இருக்கும். சராசரியாக 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டரில் 3 கிலோ. ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் வெட்டியெடுத்து, சூளையில் சுட்டு, குரோமேட்டாக்கி, சல்பேட்டாக்கி, லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்த உலோகம் அது.

அதை மீட்பதற்குப் பாலிமரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வழி பழசு, எளிது. மிச்சக் கரைசலை மட்டும் தனிக் குழாயில் பிரித்து ஒரு தொட்டிக்குக் கொண்டுவருவார்கள். மெக்னீசியம் ஆக்சைடு தூவிக் கலக்கினால் கரைசலின் அமிலத்தன்மை போய், குரோமியம் ஹைட்ராக்சைடு பச்சை மண்டியாக அடியில் படியும். மேல்தண்ணீரை வடித்துவிட்டு மண்டியில் கந்தக அமிலம் ஊற்றினால் மறுபடி குரோமியம் சல்பேட். புது உப்போடு இதைக் கலந்து அடுத்த டிரம்முக்குப் போடலாம். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தமிழகத்துத் தோல் ஷாப்புகளில் பரப்பிய முறைகளில் இது முக்கியமானது. இதில் வேதியியலைவிடக் கடினமான பகுதி அந்தத் தனிக் குழாய்தான். குரோம் தண்ணீரை ஊறல் தண்ணீரோடும் சுண்ணாம்புத் தண்ணீரோடும் கலக்கவிடாமல் வைத்திருந்தால் அது சரக்கு. கலந்துவிட்டால் கழிவு.

டீக்கடையிலிருந்து நடந்தால் பல்லாவரம் பகுதித் தோல் தொழிற்கூடங்களுக்கான பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் பக்கம் போகலாம். 1990களின் நடுவில் தொழிலதிபர்கள் கூடித் தொடங்கிய நிறுவனம்; நாளொன்றுக்கு 30 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கையாளும் கொள்ளளவில் கட்டப்பட்டது. இப்படிப்பட்ட நிலையங்கள் தமிழகம் எங்கும் எழுந்த காலம் அது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும் தீர்ப்பு ஐந்து மாவட்டங்களைத் தொட்டது. அவற்றில் ஒன்று அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், நாகல்கேணியும் பம்மலும் அப்போது அதில்தான் இருந்தன. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழமாக வேரூன்றியது இந்தத் தீர்ப்பால்தான்.

மதில் சுவருக்கு வெளியிலிருந்து பார்க்கும்போது காற்றூட்டும் தொட்டியின் இரைச்சல் கேட்டது. இத்தகைய நிலையத்துக்கு வந்து சேரும்போது எல்லாத் தொட்டியின் தண்ணீரும் ஒன்றாகியிருக்கும். டிரம்மில் கிராமில் இருந்த குரோமியம் இங்கே மில்லிகிராமில். கூடவே கொழுப்பு, புரதம், சல்பைடு, மலைபோல உப்பு. சுத்திகரிப்பில் குரோமியம் பெரும்பாலும் சேற்றோடு சேர்ந்து படிந்துவிடும். தண்ணீருக்கு அது நல்லது. ஆனால் அந்தச் சேறு அபாயக் கழிவு. அதிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுக்கும் செலவு புது உப்பு வாங்குவதைவிட அதிகம். மீட்பு என்ற பேச்சு இங்கே முடிந்து, பத்திரமாகப் புதைப்பது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது.

உப்பின் கதை வேறு. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் 40 சதவீதத்துக்கும் மேல் உப்புப் போடுவார்கள். நுண்ணுயிர்கள் தின்று செரிக்காத பொருள் அது. எந்தச் சேற்றிலும் படியாது. எதிர்ச் சவ்வூடு பரவல் என்கிற ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டினால் நல்ல தண்ணீர் ஒருபுறம், இன்னும் கெட்டியான உப்புத்தண்ணீர் மறுபுறம். தாம்பரத்தில் வீட்டுக்கு வீடு சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. இயந்திரமும் இதையேதான் செய்கிறது. நான் தங்கியிருந்த உறவினர் வீட்டில் அத்தை அதன் கழிவுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வீடு துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் வாளி போதும். தொழிற்சாலையில் அந்தக் கெட்டித் தண்ணீரைக் காய்ச்சியே ஆவியாக்க வேண்டும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு அவர்கள் அந்த வழியில்தான் போனார்கள். உப்புத்தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பக் கற்றுக்கொண்டார்கள்.

நாகல்கேணியின் உள்தெருக்களில் கிணறுகள் இன்னும் சில இருக்கின்றன. ஒரு வீட்டில் எட்டிப் பார்க்க அனுமதித்தார்கள். உறை இறக்கிய பழைய கிணறு. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. துணி துவைக்க மட்டும்தானாம். குடிக்கக் கேன், சமைக்க லாரித் தண்ணீர். அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலவியல் ஆய்வாளர்கள் குரோம்பேட்டைப் பகுதி நிலத்தடி நீரை ஆராய்ந்து 2012 வாக்கில் வெளியிட்ட கட்டுரைகள், குரோமியம் அனுமதி அளவைத் தாண்டிய கிணறுகளைப் பதிவு செய்திருக்கின்றன. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விதித்த எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

ஒரு நுணுக்கம் உண்டு. தோலில் ஏறும் குரோமியத்துக்கு இணைதிறன் மூன்று. அது மண்ணைப் பற்றிக்கொண்டு பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். அதே உலோகம் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு போன்றவற்றால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் ஆறாம் நிலைக்குப் போய்க் குரோமேட்டாகும். குரோமேட் தண்ணீரில் எளிதாகக் கரையும், நிலத்தடி நீரோடு வெகுதூரம் நகரும், நச்சும் அதிகம். ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுப்போன லட்சக்கணக்கான டன் குப்பை மேட்டின் பிரச்சினையும் இந்த ஆறாம் நிலைதான்.

அன்று மத்தியானம் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்குப் போனேன். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு பெண் காத்திருந்தார். வந்தவாசிப் பக்கத்தவர். அவர் மேசையில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை: ஒரு கண்ணாடிக் குடுவை, மூன்று முனைகள், மின்னழுத்தத்தை அளந்து கொடுக்கும் டப்பா, ஒரு மடிக்கணினி. மூன்று முனைகளில் ஒன்று கார்பன் இழைத் துணி. அதன் மேல் பாலிஅனிலின் படலம்.

“இதப் பாருங்க சார்” என்று சொல்லி மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றினார். வெளிர்மஞ்சளாக இருந்த படலம் பச்சையானது. இன்னும் ஏற்ற, பச்சை கறுத்து நீலத்துக்குப் போனது. இறக்கினார், வந்த வழியே பச்சைக்கும் மஞ்சளுக்கும் திரும்பியது. ஒரே பொருள், எலெக்ட்ரான்களை இழக்கும்போதும் ஏற்கும்போதும் நிறம் மாறுகிறது. மின்சாரம் கடத்தாது என்று நாம் ஒயரைச் சுற்றி உறை போடும் அதே பிளாஸ்டிக் வகையிலிருந்து, மின்சாரம் கடத்தும் பாலிமர் பிறந்தது 1970களில். ஜப்பானில் ஹிடேகி ஷிராகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கியை ஆயிரம் மடங்கு தவறுதலாகக் கூட்டிப் போட்டதில் வெள்ளிபோல மின்னும் ஒரு படலம் கிடைத்தது. அதைக் கேள்விப்பட்ட அமெரிக்கர் ஆலன் மக்டியார்மிட் அவரை அழைத்தார். ஆலன் ஹீகரும் சேர, 1977இல் அயோடின் ஏற்றிய பாலிஅசெட்டிலின் உலோகம்போலக் கடத்துவதை மூவரும் காட்டினார்கள். 2000இல் நோபல் பரிசு.

அந்தப் பெண் ஒரு சிறு குடுவையில் குரோமேட் கரைசலை எடுத்தார். எலுமிச்சை மஞ்சள். ஒரு துளியை வேறு குழாயில் விட்டு, டைஃபினைல் கார்பசைடு என்ற சோதனைக் கரைசலைச் சேர்த்தார். சட்டென்று கத்தரிப்பூ நிறம். ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு படலத்தைக் கரைசலில் முக்கி அழுத்தம் கொடுத்தார். காத்திருந்து, மறுபடி ஒரு துளி. இந்த முறை கத்தரிப்பூ வெளிறிப்போயிருந்தது. இன்னும் காத்திருந்து மூன்றாவது துளி. கிட்டத்தட்ட நிறமே இல்லை. படலம் தன் எலெக்ட்ரான்களைக் குரோமேட்டுக்குக் கொடுத்து, நச்சான ஆறைச் சாதுவான மூன்றாக இறக்கிவிட்டது. கொடுத்துத் தீர்ந்த படலத்துக்கு மின்சாரம் மறுபடி எலெக்ட்ரான் ஊட்டுகிறது. உப்பு, அமிலம் என்று வெளியிலிருந்து வேறு எதையும் கொட்ட வேண்டியதில்லை. சாதாரண வடிகட்டிப் பொருளை ஒரு கட்டத்தில் தூக்கிப்போட வேண்டும் அல்லது அமிலத்தில் கழுவ வேண்டும். இங்கே ஒரு சுவிட்சுத் திருப்பு போதும்.

ஹாட்டனும் சூவும் பயன்படுத்தியது பாலிவினைல் ஃபெரோசீன். இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு மாட்டிக்கொண்டிருக்கும் ஃபெரோசீன் மூலக்கூறு வரிசையாகத் தொங்கும் சங்கிலி. மின்னழுத்தம் கொடுத்தால் இரும்பு ஓர் எலெக்ட்ரானை இழந்து நேர்மின் ஏற்கும். எதிர்மின் கொண்ட குரோமேட் வந்து ஒட்டும். குளோரைடுக்கும் எதிர்மின்தானே, அது ஒட்டாதா? இந்தக் கண்டுபிடிப்பின் உயிரே அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. குரோம்பேட்டை முனையில் நூறு பேர் நின்றாலும் திருநீர்மலை ஆட்டோவில் திருநீர்மலை ஆள்தான் ஏறுகிறார், அந்த மாதிரி. ஃபெரோசீனுக்கும் குரோமேட்டுக்கும் இடையே எலெக்ட்ரான் பங்கீடு வலுவாக இருப்பதால், 200 மடங்குக்கும் மேல் மற்ற உப்புகள் இருந்தபோதும் குரோமியத்தைப் பொறுக்கியெடுத்தது என்கிறது கட்டுரை. ஒரு கிராம் பாலிமருக்கு 100 மில்லிகிராமுக்கும் மேல் குரோமியம் பிடித்தது, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற நீர்த்த நிலையிலும் வேலை செய்தது. பிடித்ததை விடும்போது மூன்றாம் நிலையில் விட்டது.

எண்களை வைத்துக்கொண்டு ஆய்வகத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். 0.1 மில்லிகிராம் என்றால் நாகல்கேணிக் கிணறு போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். குடிநீர் எல்லையைப்போல் இரண்டு மடங்கு. 1,000 லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்தால் கிடைக்கும் குரோமியம் 0.1 கிராம். காலையில் டிரம்மின் மிச்சக் கரைசலுக்குப் போட்ட கணக்கில் அதே 1,000 லிட்டரில் 3 கிலோ. 30,000 மடங்கு வித்தியாசம். கிணற்றில் கிடைக்கும் அந்தப் பத்தில் ஒரு கிராமுக்குச் சந்தையில் ஒரு மிட்டாய் வாங்க முடியாது. மீட்டெடுத்து விற்கலாம் என்ற ஆசை அங்கே செல்லாது. அங்கே மீட்கப்படும் விலைமதிப்புள்ள பொருள் தண்ணீர் மட்டுமே.

“அப்போ தோல் ஷாப்பு தண்ணியில இத நேரா வைக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“வச்சா ஒரே நாள்ல படலத்து மேல கொழுப்பும் புரோட்டீனும் அப்பிக்கும் சார். அதுவுமில்லாம அங்க இருக்கறது மூணாம் நிலை, நேர்மின். இந்தப் பாலிமர் தேடறது குரோமேட்ட. கிண்டி, அம்பத்தூர்ல குரோம் பிளேட்டிங் பண்றவங்க அலசுற தண்ணி இருக்கு பாருங்க, அதுதான் இதுக்கு ஏத்தது. சுத்தமான தண்ணி, குரோமேட் மட்டும் இருக்கும். புடிச்சத ரொம்பக் கொஞ்சம் தண்ணியில கெட்டியா விட்டா, கையாள்றது சுலபம்.”

அவர் கண்ணில் ஆசை தெரிந்தாலும் பேச்சில் மிகையில்லை. படலம் எத்தனை ஆயிரம் முறை பிடித்து விட்டாலும் உரியாமல் இருக்குமா, ஃபெரோசீன் பாலிமரின் விலை எப்போது இறங்கும், பெரிய பரப்பில் எப்படி ஒரே சீராகப் பூசுவது என்ற மூன்று கேள்விகளும் தன் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்.

அங்கிருந்து திரும்ப மேற்கே வந்து திருநீர்மலைக்குப் போனேன். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் அரணாகச் சூழ்ந்திருந்ததால் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலபுராணம். மேலே அரங்கநாதர் சன்னிதிப் படிகளில் நின்று பார்த்தால் புறவழிச்சாலையின் லாரிகள், அதற்கப்பால் அடுக்குமாடிகள், நடுவில் அடையாறு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் பிறக்கும் ஆறு இது. செம்பரம்பாக்கத்தின் உபரி வாய்க்காலும் இங்கே வந்துதான் கலக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மலையைச் சூழ்ந்த தண்ணீர் பற்றிய புராணத்தை அந்த வாரம் யாரும் நம்ப மறுத்திருக்க மாட்டார்கள்.

அனகாபுத்தூர்ப் பாலத்தில் நின்றபோது ஆறு கறுத்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வாழைநாரிலும் நெய்யத் தெரிந்த நெசவாளர்களின் ஊர் இது. இன்று ஆற்றில் பெரும்பங்கு வீட்டுச் சாக்கடைதான். பழியைத் தோல் ஷாப்புகள் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. டிரம்மில் கிராம், சுத்திகரிப்பு நிலையத்தில் மில்லிகிராம், கிணற்றில் அதன் பத்தில் ஒரு பங்கு, ஆற்றில் யாருடையது எது என்றே சொல்ல முடியாத கலவை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் உலோகத்தின் மதிப்பு குறைந்து, அதைப் பிரிக்கும் செலவு ஏறுகிறது.

ஆறு மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. நான் பேருந்தில் போனேன். சர்தார் படேல் சாலையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆற்றிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 1948இல் தொடங்கப்பட்டது, ஆய்வகத்துக்குள்ளேயே சோதனைத் தோல் ஷாப் ஒன்றும் உண்டு. இதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா தோல் தொழிலாளியையும் விஞ்ஞானியையும் ஒரே மேசையில் உட்காரவைத்தவர் என்று இன்றும் பேசுகிறார்கள். 1985 கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் இறந்துபோனார். இந்த நிறுவனத்தின் அண்மைக்கால வேலைகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது தண்ணீரில்லாக் குரோம் பதனிடுதல். குரோமுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு படிகளையே நீக்கிவிடுகிற முறை. தோலுக்குள் குரோம் அதிகம் ஏறும், மிச்சக் கரைசல் வெகுவாகக் குறையும். மின்வேதியியலும் இங்கே புதிதல்ல. உப்பு மிகுந்த தோல் கழிவுநீரில் மின்சாரம் செலுத்தினால் அந்த உப்பிலுள்ள குளோரைடே குளோரினாக மாறி அழுக்கை எரிக்கும். அப்படிச் சுத்தமான உப்புத்தண்ணீரை மறுபடி பதனிடவே பயன்படுத்துவது பற்றி 2010இல் இங்குள்ள ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எதிர்ப்புறம் ஐ.ஐ.டி. வளாகம். பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, நுண்துளைக் கரி மின்முனைகளால் தண்ணீரின் உப்பைக் குறைக்கும் முறையில் வேலை செய்கிறது. அழுத்தம் கொடுத்தால் அயனிகள் மின்முனைக்கு வரும், திருப்பினால் போய்விடும். ஆய்வகத்தில் நான் பார்த்த அதே தத்துவம், குறிப்பிட்ட ஒன்றைப் பொறுக்காமல் எல்லா உப்பையும் பிடிப்பது மட்டும் வித்தியாசம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டால், இந்தத் தொழில்நுட்பத்துக்கு வேண்டிய அறிவு தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டியது அதிகமில்லை.

ஆக, மின்முனையை எங்கே வைப்பது? டிரம்மின் அடியில் வேண்டாம். அங்கே தனிக் குழாயும் மெக்னீசியம் ஆக்சைடும் போதும், அதைவிட நல்லது தோலுக்குள் குரோமை முழுதாக ஏற்றுவது. சுத்திகரிப்பு நிலையத்தின் கலவையில் வைத்தால் படலம் பாழாகும். பிளேட்டிங் பட்டறையின் அலசல் தொட்டியில் வைக்கலாம். அங்கே உலோகமும் மீளும், தண்ணீரும் மீளும், முதலாளிக்குக் கணக்கும் கட்டுப்படியாகக்கூடும். கடைசியாக, குரோமேட் கலந்த கிணறுகளில் வைக்க வேண்டும். அங்கே லாபம் கிடையாது. ஒரு பைசா உலோகத்துக்காக ஆயிரம் லிட்டரைக் கடத்த வேண்டும். மின்கட்டணம், படலத்தின் விலை, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாம் செலவு. அந்தச் செலவை லாரித் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் மாதாமாதம் பணம் கொடுக்கும் நாகல்கேணிக் குடும்பங்கள் ஏற்கெனவே வேறு பெயரில் கட்டிக்கொண்டிருக்கின்றன. பில் யார் பெயரில் போக வேண்டும் என்பதை 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டது. பாலிமருக்கு ஆய்வகத்தில் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கிணறு வரைக்கும் கொண்டுபோக எந்தக் கண்டுபிடிப்புக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.